பதிவாகாத மூன்று இடங்கள்

அவருடைய சட்டைகளில் பை இருக்காது. புதுச் சட்டை வாங்கினால் அன்றைக்கே பிளேடை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவார். தையலை ஒவ்வொன்றாக வெட்டி, துணி கிழியாமல் பையைக் கழற்றி எடுப்பார். காற்சட்டைப் பைகளை உள்ளிருந்தே தைத்து மூடிவிடுவார். அடையாள அட்டை கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் உறைக்குள் கழுத்தில் தொங்கும். பஸ் காசு உள்ளங்கைக்குள் இருக்கும்.

"பை இருந்தால் கை தன்ரபாட்டில அதுக்குள்ள போகும் தம்பி. எங்கட கை பைக்குள்ள போனால் அவன்ர கை துவக்குக்குப் போகும்" என்று, சாவடியில் துப்பாக்கியோடு நிற்கும் சிப்பாயை நினைத்து ஒருமுறை சொன்னார். அதன் பிறகு என் சட்டைப் பைக்குள் கைவிடும்போதெல்லாம் எனக்கும் ஒரு தயக்கம் வந்தது. இன்றுவரை அது போகவில்லை.

போரால் வடக்குக்கான பாதை மூடிக்கிடந்த காலம் அது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் அங்கேதான் இருந்தார்கள். நான் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். தலைநகரில், கொட்டாஞ்சேனையில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கைக்குள், மாடியில் ஒரே அறையில் மூன்று வருடம் ஒன்றாக இருந்தோம். அவர் வீடுகளுக்கு வயரிங் செய்பவர். நான் பெயின்ட் அடிப்பவன். வெள்ளவத்தையில் அப்போது ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஒரே கொந்தராத்துக்காரரிடம் இருவருக்கும் வேலை. அவருக்கு நாற்பத்துநான்கு வயது, எனக்கு முப்பத்தைந்து. அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நான் யாரோடும் அதிகம் பேசமாட்டேன். அவர் என்னைத் தன் அறையில் சேர்த்துக்கொண்டதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அவருடைய தொழிலே அந்தக் காலத்துக்கு ஆகாத தொழில். வயர், பற்றறி, டெஸ்டர், டேப். சோதனைச் சாவடியில் எதைப் பார்த்தால் குண்டோ என்று சிப்பாயின் முகம் மாறுமோ அதுதான் அவருக்குச் சோறு போட்டது. அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். படுக்கை விரிப்பு விற்கும்போது அதைப் போட்டுக் கொடுக்கும் ஜிப் வைத்த கண்ணாடிப் பிளாஸ்டிக் பை இருக்கிறதே, அதில்தான் தன் சாமான்களைக் கொண்டுபோவார். திறக்காமலே எல்லாம் வெளியே தெரியும். உள்ளே, வெளிப்பக்கம் பார்த்தபடி, சிங்களத்தில் எழுதிய ஒரு கடதாசித் துண்டு இருக்கும். குறடு ஒன்று, திருப்புளி மூன்று, டெஸ்டர் ஒன்று, மீற்றர் ஒன்று, டேப் இரண்டு. டேப் ஒன்று முடிந்துவிட்டால் துண்டைப் புதிதாக எழுதுவார். காலையில் தேநீர் ஆறினாலும் பரவாயில்லை. துண்டும் சாமானும் ஒத்துப்போக வேண்டும்.

வெளியூரிலிருந்து வந்து தங்கும் தமிழர்கள் பொலிசில் பதிய வேண்டும்; அந்தப் பதிவுப் படிவத்தில் நான்கு பிரதிகள் வைத்திருந்தார். ஒன்று கழுத்து உறையில், ஒன்று அறையில், ஒன்று வேலைத்தளத்தில், ஒன்று என்னிடம். கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மா வாய்க்காரி. "இந்த மனுசன் கனவு காணுறதெண்டாலும் பொலிசில பதிஞ்சுபோட்டுத்தான் காணும்" என்பார். அவர் கோபிக்கமாட்டார். "பதியாமல் கண்டால் உங்களுக்கும்தானே அக்கா பிரச்சினை" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறுவார்.

அவர் ஓடி நான் பார்த்ததில்லை. ஒருநாள் பம்பலப்பிட்டியில் மழை கொட்டியது. பஸ் புறப்படப் போகிறது. பத்து எட்டு வைத்து ஓடியிருந்தால் ஏறியிருக்கலாம். அவர் அதே நடையில் நடந்தார். பஸ் போனது. நான் மட்டும் ஓடியிருக்கலாம். அவரை விட்டு ஓட மனம் வரவில்லை. இருவரும் நனைந்துகொண்டே அடுத்த பஸ்ஸுக்கு நின்றோம். தலையிலிருந்து தண்ணீர் ஒழுக, "கூடச் சிரிச்சாலும் பிழை, சிரிக்காட்டியும் பிழை. பல்லுத் தெரியாமல் சிரிக்கோணும். ஓடுறது எண்டால் எப்பவும் பிழை" என்று பாடம் ஒப்பிப்பவரைப்போலச் சொன்னார். சொல்லிவிட்டு, பல் தெரியாமல் சிரித்தும் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று சிரித்தேன்.

ஆனால் சிரிக்க முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். கீழ் அறையில் கொஞ்சக் காலம் ஒருவர் தங்கியிருந்தார். வெளிநாடு போக விசாவுக்குக் காத்திருந்தவர். அவரும் வடக்குத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் அறைக்கு வந்து எங்களோடு சாப்பிடுவார். ஒருநாள் பொலிஸார் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போகும்போது, இவரைத் தெரிந்தவர்கள் யாரும் இருக்கிறீர்களா என்று படியில் நின்று கேட்டார்கள். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு, கண்டிருக்கிறேன், பழக்கமில்லை என்று சிங்களத்தில் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து அந்த மனிதர் திரும்பி வந்தார். தன் உடுப்புகளை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்க்காமலே போனார். அண்ணன் அன்று சாப்பிடவில்லை. 

இப்படிப்பட்டவருக்குத்தான் அந்த நோய் வந்தது.

முதலில் வேலைத்தளத்தில் விழுந்தார். மூன்றாம் மாடியில் சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் நின்றவர், சாய்ந்து, சுவரோடு வழுக்கி உட்கார்ந்தார். மின்சாரம் தாக்கிவிட்டது என்று நினைத்து, அவரை வயரிலிருந்து தட்டிவிட நான் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மெயின் சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. அவர் கண் திறந்து, பலகையோடு நிற்கும் என்னைப் பார்த்து, "அடிக்கப்போறீரோ?" என்று கேட்டார். பிறகுதான் சொன்னார், சில மாதமாகவே நெஞ்சு திடீரென்று படபடவென்று அடிக்கிறது, பிறகு நின்றுவிட்டதுபோல ஒரு வெறுமை வருகிறது, கண் இருட்டுகிறது என்று. பெரும்பாலும் சோதனை வரிசையில்தான் வருகிறது என்றும் சொன்னார்.

"உள்ளுக்கை எங்கையோ லூஸ் கொனெக்சன்" என்றார்.

கொந்தராத்துக்காரர் தன் காரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நானும் போனேன். கட்டிலில் படுக்கவைத்து இதயத் துடிப்பைக் கடதாசியில் எடுத்துப் பார்த்தார்கள். கோடு ஒழுங்காக இருந்தது. வயதான ஒரு டாக்டர். சிங்களவர், பொறுமையானவர். இப்போது பார்த்தால் தெரியாது, அது வரும் நேரத்தில் பிடிக்க வேண்டும் என்றார். ஒரு சிறு கருவியை ஒரு முழு நாள் உடம்பில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அது ஒவ்வொரு துடிப்பையும் பதியும். இடையில் இதயம் சில விநாடி நின்றுபோவது தெரிந்தால், நெஞ்சுக்குள் பற்றறி வைத்த ஒரு சிறு மெசினைப் பொருத்தலாம், ஆளைக் காப்பாற்றலாம். தெரியாவிட்டால் எதுவும் செய்ய முடியாது. ஒருநாள் நின்றது நின்றதாகவே போகக்கூடும் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார்.

திரும்பி வரும்போது அண்ணன் எனக்கு அதை விளங்கப்படுத்தினார். டாக்டர் சொன்னதைவிட அவர் சொன்னதுதான் எனக்கு விளங்கியது.

"இடைக்கிடை வாற ஃபோல்ட் தம்பி. வீட்டுக்காரன் கூப்பிடுவான். நாங்கள் போய்ப் பாக்கேக்க லைட் எரியும். வெளிக்கிட்டு வந்தால் நிண்டுபோகும். ஃபோல்ட் வாற நேரத்தில மீற்றர் மாட்டியிருக்கோணும். வேற வழியில்லை."

அடுத்த வாரம் காலையில் கருவியை மாட்டினார்கள். நெஞ்சில் ஐந்து இடங்களில் மயிரைச் சிரைத்து, வட்டமான ஒட்டுத் துண்டுகளை ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வயரை, சட்டைக்கு அழுத்துப் பொத்தான் போடுவதுபோல, அழுத்திக் கொழுவினார்கள். ஐந்து வயரும் சிகரெட் பெட்டியளவு ஒரு கருவிக்குப் போயின. அது இடுப்புப் பட்டியில் தொங்கியது. மாட்டிவிட்ட பெண் இளவயதுச் சிங்களப் பெண். குளிக்க வேண்டாம், கழற்ற வேண்டாம், மற்றபடி வழக்கமாகச் செய்வதையெல்லாம் செய்யுங்கள், வழக்கமாகப் போகும் இடத்துக்கெல்லாம் போங்கள் என்றாள். ஒரு தாளையும் கொடுத்தாள். நேரம், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், உடம்புக்கு என்ன செய்தது என்று மூன்று நிரல். அவர் கேட்காமலே, சாவடிகளில் காட்ட ஒரு கடிதமும் சிங்களத்தில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தாள். அவர் இரண்டு கைகளாலும் வாங்கினார்.

அவருடைய சட்டைகள் எல்லாம் மெல்லிய வெள்ளைத் துணி. உள்ளே எதையும் மறைக்கவில்லை என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படி வாங்குவார். அன்று அந்தச் சட்டைக்குள் ஐந்து வயரும் தெரிந்தன. இடுப்பில் பெட்டி புடைத்தது. ஆஸ்பத்திரிக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் என் பையிலிருந்த வேலைச் சாரத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். மறைத்தால் இன்னும் மோசம் என்றார்.

வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறினோம். காலி வீதி என்கிற பெருந்தெருவில் சாவடி வருவதற்கு ஒரு தரிப்பிடம் முன்பாகவே அவர் மணியை அடித்து இறங்கினார். ஒரு சைவக் கடைக்குள் போய் இரண்டு பிளேன்டீ சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது சட்டைக்குள் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடிப் பைக்குள், அவருடைய மீற்றருக்குப் பக்கத்தில், வயர் சுற்றிவைத்த அந்தக் கருவி கிடந்தது. துண்டைப் பார்த்தேன். 'மீற்றர் இரண்டு' என்று எழுதியிருந்தது. பழைய துண்டைத் திருத்தவில்லை. புதுத் துண்டு. முந்தின நாளே எழுதியிருக்கிறார்.

 சின்னக் குரலில் சொன்னேன்.

"அண்ணே, கழட்டக் கூடாதுன்னு அந்த மிஸ் சொன்னாங்களே. அந்த எடத்துலதானே ஒங்களுக்கு வருது. மீட்டரை மாட்டியிருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஓம்."

"லெட்டர் இருக்குல்ல. காட்டுவோம்."

அவர் தேநீரை ஒரு மிடறு குடித்தார்.

"அவன் முதலில வயரைக் காணுவானோ, கடிதத்தைக் காணுவானோ? என்ர நெஞ்சில வயர் கிடக்கிறதைக் கண்டாப்பிறகு கடிதம் வாசிக்குமட்டும் பொறுத்து நிப்பானோ? அவனும் பயந்த பெடியன்தானே தம்பி. நீர் பக்கத்தில நிக்கிறீர். பின்னால சனம் நிக்குது."

தேநீர்க் காசை வைத்துவிட்டு எழும்பினேன். 

சாவடியைக் கடந்தோம். சிப்பாய் பையைத் தூக்கிப் பார்த்து, துண்டோடு சாமானை எண்ணி, சரி என்று தலையாட்டினான். அடுத்த கடையின் பின்பக்கம் போய் அண்ணன் வயர்களை மறுபடி மாட்டிக்கொண்டார். நிறங்களின் ஒழுங்கு அவருக்குப் பிழைக்காது. அவர் தொழிலே அதுதானே. அன்று பகல் முழுவதும் வேலை செய்தார். தாளில் நேரம் போட்டு, ஏணியில் ஏறினேன், சோறு சாப்பிட்டேன், மனைவியோடு பேசினேன் என்று அழகான எழுத்தில் எழுதினார். மூன்றாவது நிரலில் ஒவ்வொன்றுக்கும் 'ஒன்றுமில்லை' என்று எழுதினார்.

பின்னேரம் திரும்பும்போது, காலையில் வயரை மாட்டிக்கொண்ட அதே கடையின் பின்பக்கம் போய்க் கழற்றினார். வரிசையில் எங்களுக்கு முன்னால் பதினைந்து பேர் நின்றார்கள். அவர் எனக்கு முன்னால் நின்றார். பாதி வரிசை நகர்ந்த நேரத்தில் அவருடைய கழுத்து வியர்த்தது. கை பின்னால் வந்து என் சட்டையைப் பிடித்தது. திரும்பிய முகத்தில் இரத்தமே இல்லை. சுவருக்கு முதல் பூச்சு அடித்ததுபோல இருந்தது. கண் என்னைப் பார்த்தது, ஆனால் காணவில்லை. நான் தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன். எத்தனை விநாடி என்று தெரியாது. நான் ஐந்தாறு மூச்சு விட்டிருப்பேன். அவ்வளவு நேரமும் அந்தக் கருவி அவருடைய மற்றக் கையில், கண்ணாடிப் பைக்குள், ஒரு சிறு பச்சை வெளிச்சத்தை விட்டுவிட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. பதிவதற்கு அதனிடம் ஒன்றுமில்லை.

சிப்பாய் என்ன என்று கேட்டான். காய்ச்சல் என்று நான் சிங்களத்தில் சொன்னேன். அவன் வழிவிட்டான்.

அப்பால் போய் ஒரு கடைப் படியில் உட்கார்ந்தோம். பச்சைத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். தாளில் எழுதவா என்று கேட்டேன். வேண்டாம், எழுதினால் அந்த நேரத்தில் பதிவு ஏன் இல்லை என்று கேட்பார்கள் என்றார். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும் ஒருமுறை கழற்றி மாட்டினார்.

சில நாள் கழித்து டாக்டர் அறிக்கையை விரித்துவைத்துக்கொண்டு எங்களை உட்காரச் சொன்னார். துடிப்பு நன்றாக இருக்கிறது, நின்ற இடம் எதுவும் காணவில்லை என்றார். பிறகு கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, மூன்று இடங்களில் பதிவே இல்லை, வயர் கழன்றதா என்று கேட்டார்.

"வேர்வையில கழண்டிருக்கும் டொக்டர்" என்றார் அண்ணன் சிங்களத்தில், பல் தெரியாமல் சிரித்துக்கொண்டு.

டாக்டர் என்னையும் பார்த்தார். எனக்குச் சிங்களம் அண்ணனைவிட நன்றாக வரும். எழும்பி நின்று ஒரு வசனம் சொன்னால் போதும். நான் மேசையில் காகிதங்களின் மேல் வைத்திருந்த கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய ஆட்களுக்கு முன்னால் எனக்கு வாய் திறவாது. சிறு வயதிலிருந்தே அப்படி. அன்று அந்த வாயைத் திறந்திருக்க வேண்டும்.

மறுபடியும் மயக்கம் வந்தால் உடனே வாருங்கள், இன்னொரு முறை மாட்டிப் பார்ப்போம் என்று சொல்லி, பதற்றத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார். வெளியே வந்ததும் அண்ணனின் முகத்தில் ஒரு தெளிவு. அதைக் கண்டபோதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. இன்னொரு முறை மாட்டுவோம், நான் கொந்தராத்துக்காரரின் காரைக் கேட்கிறேன், அன்றைக்கு வேலைக்கும் போக வேண்டாம் என்றேன். அவர் நடந்துகொண்டே சொன்னார்.

"கண்டுபிடிச்சால் என்ன செய்வாங்கள்? நெஞ்சுக்குள்ள பற்றறியும் வயரும் வைச்சுத் தைப்பாங்கள். சாவடியில அவன் இரும்பு பாக்கிற கருவியைக் கொண்டுவந்து தடவினால் கத்தும். அதை எந்தக் கடைக்குப் பின்னால போய்க் கழட்டுறது தம்பி?"

அறிக்கையில் மூன்று பிரதி எடுத்தார். ஒன்றை என்னிடம் தந்தார். மனைவிக்கு என் முன்னால்தான் போன் எடுத்து, மெசின் வைத்துப் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லையாம் என்று சொன்னார். அந்தப் பக்கம் மனைவி அழுவது எனக்கும் கேட்டது. சந்தோசத்தில் அழுதார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் இருந்தார். இடையில் இரண்டு முறை கண் இருட்டியது எனக்குத் தெரியும். டாக்டரிடம் போகவில்லை. ஒருநாள் காலை, அதே காலி வீதியில், சிப்பாய் உடம்பைத் தடவுவதற்காக அவர் இரண்டு கைகளையும் தூக்கினார். தூக்கியபடியே முன்னால் விழுந்தார்.

சிப்பாய் பின்னால் பாய்ந்தான். யாரோ கத்தினார்கள். வரிசை முழுவதும் சிதறி ஓடியது. எங்களையெல்லாம் நிலத்தில் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். நான் படுத்தேன். தார் சூடாக இருந்தது. பத்தடி தூரத்தில் அவர் கிடந்தார். அவருக்குக் கிட்ட யாரும் போகவில்லை. விழுந்தவரின் உடம்பில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் பயம். அவர் நோயாளி, அவரிடம் ஒன்றுமில்லை என்று நான் சிங்களத்தில் சொன்னேன். தலையைத் தூக்காதே என்றார்கள். மறுபடியும் சொன்னேன். கொஞ்ச நேரம் சென்றபின் ஒருவன் மெல்லக் கிட்டப் போய், சட்டையை விரலால் தூக்கிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று கை காட்டினான். முதலில் பாய்ந்த சிப்பாய்தான் ஓடி வந்து, என்னோடு சேர்ந்து அவரைத் தூக்கி முச்சக்கர வண்டியில் ஏற்றினான்.  ஆஸ்பத்திரி போகும் முன்பே எல்லாம் முடிந்திருந்தது.

திடீர் மரண விசாரணை அதிகாரிக்கு முன்னால் என்னை நிற்கவைத்தார்கள். பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர் எழுதிக்கொண்டிருந்தார். நான் கொடுத்த அறிக்கையைப் பார்த்த அதிகாரி, இதயம் நன்றாகத்தானே இருந்திருக்கிறது, இந்த மூன்று இடங்களில் மட்டும் ஏன் பதிவில்லை, உனக்குத் தெரியுமா என்று கேட்டார். நல்ல விதமாகத்தான் கேட்டார். பொலிஸ்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் அதை எழுதினார். நான் கையெழுத்து வைத்தேன்.

பாதை மூடியிருந்ததால் மனைவியும் பிள்ளைகளும் வர முடியவில்லை. மாதம்பிட்டி மயானத்தில் நானும் வீட்டுக்கார அம்மாவும் வேலைத்தளத்து ஆட்கள் ஆறு பேரும் நின்றோம். நான்தான் கொள்ளி வைத்தேன்.

எட்டாம் நாள் அவருடைய மனைவி எனக்குப் போன் எடுத்தார். நான் அவரை ஒருநாளும் நேரில் கண்டதில்லை. மெசின் வைத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றுதானே சொன்னார்கள், பிறகு எப்படி இப்படி நடந்தது என்று கேட்டார். அவருடைய குரலில் கோபம் இல்லை, விளங்கவில்லை, அவ்வளவுதான். விசாரணை அதிகாரியிடம் சொன்னதையே அவரிடமும் சொல்லிவிட நினைத்தேன். முடியவில்லை. கடையின் பின்பக்கம், துண்டில் எழுதியிருந்த மீற்றர் இரண்டு, வரிசையில் அவர் என் சட்டையைப் பிடித்தது, டாக்டருக்கு முன்னால் நான் வாய் திறக்காமல் இருந்தது எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான்.

"நான் டாக்டர்கிட்ட சொல்லியிருக்கணும்க்கா" என்றேன்.

  அவர் மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நானெண்டாலும் அதைக் கழட்டிப்போட்டுத்தான் தம்பி போயிருப்பன்."